அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்பு மகன் புதிக்குக்கு அம்மா எழுதச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ஹேல்வெனும் அவள் பெற்ற ஆண் குழந்தையும் கடவுள் புண்ணியத்தில் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் குதிரைக்காரன் கிளேவியான் சொன்னான். சுகத்துக்கு என்ன குறைச்சல், போரில் பிடித்த அடுத்தவர் வீட்டில் அடுத்தவர் கட்டிலில் படுத்திருக்கிறாய். இந்த வரி வேண்டாமே என்கிறார் எழுதுகிற பாதிரியார். சொன்னதை எழுதுங்கள் என்றேன்.

போன மாதம் சந்தையில் ஒரு நார்மன் வியாபாரி, நீ கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்ட தீவில், போர்க்களத்தின் இடது பக்கம் நின்ற நம் பிரெத்தோன்காரர்கள் முதல் அடியிலேயே ஓடினார்கள் என்று சொல்லிச் சிரித்தான். என் மகன் அந்த இடது பக்கத்தில்தான் நாற்பது பேரோடு நின்றான், ஓடியவன் எப்படியடா திரும்பி வந்து ஜெயித்தான் என்று ஊர் கூடும்படி கத்தினேன். அவன் கடையை மூடிக்கொண்டு போனான். அப்படி உனக்காகச் சண்டை போட்ட வாய்தான் இது. மறு வாரமே உன் பெட்டி வந்தது. தங்கச்சி குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்று எழுதியிருந்தாய். திறந்தால் பூவேலை செய்த சின்னச் சட்டை. என்ன அழகு என்று ஹேல்வென் எடுத்து விரித்தாள். தோளில் பால் கறை. அடியில் ஒரு துணி முடிச்சு, அதற்குள் ஒரு சுருள் பிள்ளை முடி. உனக்கு முன்னால் பிறந்து செத்துப்போன உன் அண்ணனின் முடியை நானும் அப்படித்தான் முடிந்து வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாரும் அப்படி வைப்பதில்லை.

கிளேவியானை நிற்க வைத்துக் கேட்டேன். "நாங்க புடிச்ச அந்த வீட்டுப் பொம்பள சாவிக்கொத்தக் கேட்டதும் குடுத்துட்டா அம்மா. இந்தப் பொட்டிய மட்டும் கையால காட்டிக் காட்டிக் கேட்டா. இவ்ளோ கெஞ்சுறான்னா உள்ள தங்கம்தான் இருக்கும்னு சின்னவர் சிரிச்சிக்கிட்டே வாங்கி வச்சுக்கிட்டாரு" என்றான். பாஷை புரியவில்லை என்று சொல்லாதே. கை நீட்டி நிற்பவளைப் புரிந்துகொள்ள என்ன பாஷை வேண்டும்?

முப்பாட்டன் மண்ணை மீட்டுவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அவளுடைய சாக்சன் முப்பாட்டன்கள் நம் முப்பாட்டன்களை அந்தத் தீவிலிருந்து துரத்திய கதையை உனக்குச் சொன்னவளே நான். படகில் என்ன ஏற்றி வந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். தொட்டிலும் பிள்ளைத் துணியும் என்பேன். அந்தக் காட்டுமிராண்டிகள்கூட அதைத் தடுக்கவில்லையடா. நீ பிடுங்கியிருக்கிறாய்.

ஞானஸ்நானத்துக்கு உன் பழைய சட்டையைத்தான் போட்டோம். அதிலும் கறை இருக்கிறது, நான் கொடுத்த பாலின் கறை. முடிச்சை அவிழ்த்த கையால் மறுபடி கட்டி, பெட்டியைக் கிளேவியானிடம் கொடுத்திருக்கிறேன். ஆள் விட்டு அனுப்பாதே. அவள் எங்கே ஒண்டியிருந்தாலும் தேடிப் போய் நீயே உன் கையால் கொடு. அங்கே ஈரக் காற்று என்கிறான், கம்பளிக் காலுறை இரண்டு வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்.

கடைசியில் ஆசி எழுத வேண்டும் என்று பாதிரியார் இறகை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருக்கிறார். பெட்டி அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கிளேவியான் வந்து சொல்லட்டும். அதுவரை அவர் காத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
ஓர்வென்