ஸ்பானிஷ் வகுப்பும் உமது அம்மாவின் திதியும்

நேற்று மாலை வகுப்பில் ஒரு பெண் மண்டரின் தோடம்பழம் உரித்தாள். புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு அது. தோலின் மணம் மூக்கில் ஏறியதும் நீர்தான் நினைவுக்கு வந்தீர். செவ்வாய்க்கிழமைதான் உமது மகன் பிரிஸ்பேனிலிருந்து போன் எடுத்திருந்தார். நீர் கண்மூடி ஒன்றரை மாதமாகிவிட்டதாம். என் நம்பரைத் தேடிப் பிடிக்க நாளாகிவிட்டது என்று பாவம், மன்னிப்பும் கேட்டார்.

பஸ்ஸில் நீர் மண்டரின் தின்றுகொண்டே வருவீர். ஓனஹங்காவில் தையல் வேலை முடிந்து, ஆக்லாந்து நகரத்தில் வகுப்பு தொடங்குவதற்குள் அதுதான் உமது இராச்சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் நாம் இருவரும் பட்டதாரி ஆசிரியைகள், நீர் கணக்கு, நான் ஆங்கிலம். அந்தப் பட்டங்களை இங்கே ஏற்றுக்கொள்ள, இங்குள்ள கல்லூரியில் இன்னும் ஒரு பாடம் படித்துத் தேற வேண்டும் என்றார்கள். வேலை முடிந்து போகக்கூடிய நேரத்தில் இருந்தது தொடக்கநிலை ஸ்பானிஷ் ஒன்றுதான், இருவரும் அதில் சேர்ந்தோம். அது எண்பதுகளின் கடைசி. "பின்னயென்ன, சட்டைக்குக் கை தைக்க ஸ்பானிஷ் கட்டாயம் வேணும்தானே" என்று நீர் சிரித்தீர். அந்தப் பாடம் தேறினால் நீர் மறுபடி கரும்பலகை முன் நிற்கலாம், தேறாவிட்டால் தையல் மெஷின். உமக்கு அது அவ்வளவுதான்.

வகுப்பின் விதிகளை ஆசிரியர் முதல் நாளே கதவில் ஒட்டினார். ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படும். பிந்தி வருவதும் வராததும் ஒன்று. மூன்று முறை வராவிட்டால் பெயர் வெட்டப்படும். விதி எல்லோருக்கும் சமம் என்று அவர் பெருமையாகச் சொன்னார். எல்லோருமா ஓனஹங்கா பஸ்ஸில் வந்தார்கள்? பாதிப் பேர் வசதியானவர்கள் இருக்கிற எப்சத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள்.

ஒரு நாள் நான் முந்தின பஸ்ஸில் வந்துவிட்டேன், உமது பஸ் பிந்தியது. ஆசிரியர் உமது பெயரைக் கூப்பிட்டபோது நீர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றீர். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உமது முகம் தெரிந்தது. "ப்ரெசென்தே" என்று அங்கிருந்தே சொன்னீர், வந்திருக்கிறேன் என்று. உள்ளே எல்லோர் காதிலும் விழுந்தது. சிலர் சிரித்தார்கள். அவருக்கும் கேட்டது, ஆனாலும் வரவில்லை என்றுதான் போட்டார். அன்று முழுக்க வெளியே நின்று, அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயசைத்துப் பதில் சொன்னீர். உள்ளே இருந்த எவரையும்விடச் சரியாக.

பிறகு அந்தப் போன் வந்தது. உமது தம்பி ஊரிலிருந்து எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து எடுத்தார். அம்மா மோசம் போய்விட்டா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. சண்டையில் தபாலும் இல்லை, போனும் இல்லை, யார் உமக்குச் சொல்வது? சாவுச் சேதி கேட்டால் செய்கிறபடி, உமது ஹில்ஸ்பரோ வீட்டில் தலை முழுகிவிட்டு அப்படியே இருந்தீர். நான் சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டுவந்தேன், நீர் தொடவில்லை. அந்தக் கிழமை நடந்த இரண்டு வகுப்புகளும் போயின. முன்னைய ஒன்றோடு மூன்று. உமது பெயரை வெட்டினார்கள்.

மாணவர் உதவி அலுவலகத்துக்கு உம்மை இழுத்துக்கொண்டு போனது நான்தான். அங்கிருந்த பெண் தேநீர் தந்தா, பிஸ்கட் தந்தா, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்று ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தா. பிறகு விதியைச் சொன்னா: துக்கத்துக்கான லீவு சாவு நடந்த ஒரு கிழமைக்குள் எடுக்க வேண்டும். உமது அம்மா செத்துப் பல கிழமைகள். அவர்களின் கணக்கில் உமது துக்கம், நீர் அழத் தொடங்கும் முன்பே முடிந்திருந்தது.

அந்தப் பெண் கெட்டவ அல்ல. குரலைத் தாழ்த்தி, "திகதியில் ஏதும் பிழை இருக்கலாம், இல்லையா? போன வாரமாக இருக்குமோ?" என்று கேட்டா. நான் மேசைக்குக் கீழே உமது காலை மிதித்தேன். நீர் நிமிர்ந்து இருந்து, உள்ள திகதியைத் திரும்பவும் சொன்னீர்.

வெளியே வந்ததும் உம்மை ஏசினேன். "ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"வருசா வருசம் அந்தத் திதிக்குத்தான் அம்மாவுக்குப் படைக்கப் போறன். அம்மான்ர திதியை மாத்திச் சொல்லச் சொல்லுறீரா?"

"அவையளுக்குத்தானே சொல்லுறீர்."

"ஆருக்குச் சொன்னாலும் சொன்னதுதான். அம்மா எப்ப செத்தவ எண்டு பேரம் பேச எனக்கு ஏலாது."

அடுத்த வருடம் திரும்பச் சேரலாம் என்றார்கள். நீர் சேரவில்லை. நான் தேறினேன், படிப்பித்தேன். நீர் கண் மங்கும்வரை சட்டை தைத்தீர். உம்மிடம் கணக்குப் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் இந்த நகரத்தில் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொன்னால் மட்டுமே உதவி செய்யத் தெரிந்த விதியை எழுதியவர்கள் நிம்மதியாக ஓய்வூதியம் வாங்கியிருப்பார்கள். நீர் அவர்களை மன்னித்துவிட்டீர் என்று தெரியும். நான் மன்னிக்கவில்லை.

என் வகுப்பின் கதவு பூட்டப்படுவதில்லை. பிந்தி வருகிறவர்கள் வந்து இருக்கிறார்கள். ஊரில் சாவு என்று யாராவது வந்து நின்றால், எப்போது நடந்தது என்று நான் கேட்பதில்லை. எப்போது கேள்விப்பட்டீர்கள் என்றுதான் கேட்பேன்.

இன்று காலை எங்கள் அலுவலகத்துக்குப் போய், இந்தக் கிழமை வரமாட்டேன் என்றேன். முறைப்படி எனக்குச் சாவுத் துடக்கு இல்லை, நீர் என் உறவுக்காரி இல்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண், நீர் எனக்கு யார், எப்போது இறந்தீர் என்று கேட்டாள். என் சிநேகிதி, போய் ஒன்றரை மாதம், செவ்வாய்க்கிழமைதான் கேள்விப்பட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியென்றால் லீவு தர இடமில்லையே என்றாள்.

"நான் லீவு கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்தேன்" என்றேன். வீட்டுக்கு வந்து தலை முழுகினேன்.