கரி பிடித்த வால்வும் என் இடது காலும்

என் தங்க மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், வண்டியும் நலம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற நாளாகப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்றைக்குப் போனில் நீ, வண்டிய வித்துடுங்கம்மா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு என்று சொன்னபோது நான் உம் மட்டும் கொட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தார். ஊரே கேட்கிற போனில் என் பக்கத்து நியாயத்தை எப்படிச் சொல்வது. அதனால்தான் கடிதம். சமையல் வேலை முடிந்துவிட்டது, துணி காய்கிறது, எனக்கு அவசரம் இல்லை. நீயும் அவசரப்படாமல் படி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்ததும், நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரியும். ஏன் கற்றுக்கொண்டேன் என்று உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போக வேண்டும். டாக்சி கூப்பிட்டால் அது வரத் தாமதமாகும், தாமதமானால் இவருக்குச் சந்தோஷம், சரி இன்னைக்கு வேண்டாம் விடு என்று சட்டையைக் கழற்றிவிடுவார். காலமெல்லாம் பஸ் ஓட்டினவர் இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் பின்சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறார், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். விரலை மடக்கி நீட்டாமல் விட்டால் கை அப்படியே இறுகிப்போகும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றைக்கே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவளைத்தான் நாங்கள் பிரேக் டீச்சர் என்கிறோம். அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, அதிலிருந்து அவள் கால் நகரவே நகராது. லைசென்ஸ் வாங்கின அன்று அந்தக் காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, போங்கக்கா, இனி உங்க பாடு என்றாள்.

நான் நம் வண்டியை எடுத்த கொஞ்ச நாளில் அது உதற ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி நடுங்கும், கொஞ்ச தூரம் போனால் தானாக அடங்கும். மீட்டரில் மஞ்சள் விளக்கு வேறு. அப்பா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார், உன் காலு கிளட்ச்ச விட மாட்டேங்குது என்று. நான் இரண்டு காலையும் எடுத்துவிட்டு நியூட்ரலில் நிறுத்திக் காட்டினேன், அப்போதும் உதறியது. என்னங்க, இப்ப என் கால் எங்க இருக்கு பாருங்க என்றேன். அதற்கு அவர், பழகின கை வேற, புதுக் கை வேற, வண்டிக்குத் தெரியும் என்றார். குதிரைக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சித்தப்பாவும் தன் பங்குக்கு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டோம். பிளக் மாற்றினார்கள், டேங்கில் ஏதோ ஒரு பாட்டில் மருந்தை ஊற்றினார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்கள். துடைத்தது மட்டும் நன்றாக இருந்தது.

பாலத்தில் நடந்ததை உனக்கு அப்பா எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலம் ஏறும்போது வண்டி திணறியது, மிதிக்க மிதிக்க வேகம் ஏறவில்லை, பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது. பின்னால் ஒரு லாரி. அதற்குப் பின்னால் எத்தனை என்று நான் பார்க்கவில்லை, ஹார்ன் சத்தத்தில் காது அடைத்துக்கொண்டது. நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், நான்கு பக்க விளக்கையும் போட்டேன், சாவியை ஆஃப் செய்து மறுபடி திருப்பினேன். அதற்குள் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனார், ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளப் போகிறாராம். உக்காருங்க என்று கத்தினேன். அவரைப் பார்த்து நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது, மெதுவாக ஓரம் கட்டி, இறக்கத்தில் விட்டு, வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி இந்த வண்டி வேணாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. சித்தப்பா மறுநாளே வண்டியை வாங்க ஒரு பல் டாக்டரைப் பிடித்துவிட்டார். நீயும் சரி என்றாய்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தேகம்தான் வந்தது. ஒருவேளை எல்லோரும் சொல்வதுதான் சரியோ, நான்தான் காலை எங்கேயோ தப்பாக வைக்கிறேனோ என்று பாத்திரம் கழுவும்போதுகூட இடது காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் இவர் பயிற்சிக்குப் போகவில்லை. காபி டம்ளரை இடது கையால் எடுக்க முயற்சி செய்வதையும் நிறுத்திவிட்டார். அதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியாமல் பிரேக் டீச்சருக்குப் போன் செய்தேன். அவள் வந்தாள். டீச்சர் ஓட்டினா உதறாது பாரு என்று சொல்லி அப்பா சாவியைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி ஆடின ஆட்டத்தில் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த மணி மாலை தாளம் போட்டது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே சார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். குறை அக்கா கால்ல இல்ல சார், உள்ள எங்கயோ இருக்கு, விக்கறதுன்னாலும் என்னன்னு பாத்துட்டு வில்லுங்க என்று சொல்லி, அவர்கள் ஸ்கூல் வண்டிகளைப் பார்க்கிற பட்டறைக்கு அனுப்பினாள்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவு நிதானம். முதலில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை இடம் மாற்றிப் பார்த்தார், அது இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டராக இருக்கும் என்று அதைக் கழற்றிச் சோதித்தார், அதுவும் இல்லை. ஒரு நாள வீணாக்கிட்டேம்மா, நான் தப்பா நெனச்சுட்டேன் என்று அவரே சொன்னார். அப்புறம்தான் காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி, நுனியில் கேமரா வைத்த மெல்லிய வயரை விட்டுப் பார்த்தார். அந்தப் படத்தை அப்பாவுக்கும் எனக்கும் காட்டினார். பால் பொங்கி அடிப்பிடித்த பாத்திரத்தை நாள்கணக்கில் கழுவாமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வால்வு என்று அவர் சொல்லித்தான் அது வால்வு என்று தெரிந்தது, காம்பைச் சுற்றி முழுக்கக் கறுப்புக் கட்டி. பழைய வண்டிகளில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகுமாம், போகிற போக்கில் அதைக் கழுவியும் விடுமாம். நம் வண்டியில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறது, வால்வின் முதுகில் ஒரு சொட்டும் படாது. எஞ்சினுக்குள்ளிருந்து சுற்றி வருகிற ஆயில் ஆவி மட்டும் படிந்து சூட்டில் தீய்ந்து இறுகிக்கொண்டே போகிறது. காற்று போகிற வழி குறுகினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும். டேங்கில் மருந்து ஊற்றியும் பயன் இல்லாததற்கும் அதுதான் காரணம், அந்த மருந்து வால்வின் அந்தப் பக்கமே போகாதாம்.

அப்பா ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு, யார் ஓட்டினதால இப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆமை கையைத் துடைத்துக்கொண்டு, இது ஒரு மாசத்துல சேந்தது இல்லீங்க, வருஷக்கணக்கு, வண்டி எங்க எல்லாம் போகும் என்றார். அப்பா சொன்னார், கடைக்கு, திரும்ப வீட்டுக்கு, அவ்வளவுதான், நான் வண்டியக் கெடுக்கவே மாட்டேன் என்று. அதுதாங்க, சூடாகறதுக்குள்ள நிறுத்திடறீங்க, உங்க பஸ்ஸு நாள் பூரா ஓடிச்சு, இது ஓடவே இல்ல, ஆயிலும் தள்ளித் தள்ளித்தான் மாத்தியிருக்கீங்க போல என்றார் ஆமை.   ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் அது எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. வாங்க, டீ சாப்பிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

நடுவில் ஒன்று, சொல்ல மறந்துவிடுவேன். உன் அக்கா வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை வரை போய்விட்டது, இப்போது ஓடு மாற்றி ஓய்ந்தது. அவள் மகளுக்கு முன்பல் விழுந்து பேச்சே மாறிவிட்டது, உன்னை மாமா என்று கூப்பிடச் சொன்னால் சிரிக்கிறாள். அக்காவுக்கு ஒரு போன் போடு, அவளாகக் கேட்க மாட்டாள்.

கரி எடுப்பது ஒரு நாள் வேலை. நாங்கள் இருவரும் கூடவே இருந்தோம், அப்பாதான் வேலை முடியாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார். வால்நட், அதுதான் அக்ரூட் கொட்டை, அதன் ஓட்டைப் பொடியாக அரைத்து, அதைக் காற்றோடு வேகமாக அடித்துக் கரியை உதிர்க்கிறார்கள், இன்னொரு குழாய் அந்தப் பொடியை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பில் கீறல் விழாதாம். ஆனால் அடிக்கும்போது அந்த சிலிண்டரின் வால்வு முழுக்க மூடியிருக்க வேண்டும், கொஞ்சம் திறந்திருந்தாலும் பொடி எஞ்சினுக்குள் போய்விடும், போனால் இருக்கிற வியாதியைவிடப் பெரிய வியாதி. ஆமை கீழே இருந்து எஞ்சினைக் கையால் சுற்ற, அப்பா வலது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்து பார்த்துச் சொன்னார். மூடிடுச்சு, அடி என்பார், ஆமை அடிப்பார். கடைசி சிலிண்டரில் ஆமை தானே எட்டிப் பார்த்து, சரியாத்தான் இருக்கு என்று குழாயைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா டார்ச்சைச் சாய்த்து, நில்லு, அந்த ஓரத்துல இன்னும் சந்து தெரியுது என்றார். ஆமை குனிந்து பார்த்தார், அப்புறம் கீழே போய் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு வந்தார். இப்ப சொல்லுங்கண்ணே என்றார். காலையிலிருந்து சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்த நேரத்திலிருந்து அண்ணே. திரும்ப மாட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் பழைய பஸ் எஞ்சின்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஒருத்தி அங்கே இருப்பதே மறந்துபோய்விட்டது.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, எஞ்சின் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன். அப்பா என் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டு, நேரா வீட்டுக்குப் போகாத, நல்லாச் சூடாகட்டும், சுற்றுச் சாலைல போ என்றார். அவ்வளவுதான் சொன்னார், மன்னிப்பு எல்லாம் அவர் அகராதியில் கிடையாது, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போகிற வழியிலேயே சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டு, பல் டாக்டருக்கு வேற வண்டி பாரு, இது வீட்டுக்கு வேணும் என்று சொல்லி வைத்துவிட்டார். சாலை அகலமாக, காலியாக இருந்தது. மூன்றாவது கியரைக் கொஞ்சம் இழுத்துப் பிடி என்றார், பிடித்தேன். அப்புறம் பேச்சைக் காணோம். என்ன குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தால், தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தர் ஓட்டும்போது அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது. நான் திரும்பவில்லை, இன்னொரு சுற்றுப் போனேன்.

இப்போது பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறோம், மோதிர விரல் கொஞ்சம் அசைகிறது. நீயும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாய், வண்டி கடைக்கு மட்டும்தான் போகிறது என்று சொன்னாயே, அதை வாரம் ஒரு முறையாவது தூரமாக ஓட்டு, ஆயிலைத் தள்ளிப் போடாதே. இதை அப்பா எழுதச் சொன்னார், தன் பெயரைப் போடாமல். உட்கார்ந்தே இருக்காதே, உனக்கும் அதே வைத்தியம்தான். மருமகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், குழந்தைக்குக் காது குளிராமல் மூடிவிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நூறாண்டு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது யாரும் எடுக்கவில்லை என்றால் பயந்துவிடாதே, சுற்றுச் சாலையில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா