பிடுங்கின நாணல்

மவனே,

நம்ம தெருவுக்கு கரண்டு வந்த வருஷம், உன் அக்கா பொறந்த வருஷம் அது. அவரைக்கொடி போட எடம் வேணும்னு ஏரிக்கரை நாணலை வேரோட பிடுங்கினவன் நான்தான். ஐப்பசி மழையில கரை அங்கயே உடைஞ்சு, கீழ்க் குடிசையில மூணு பேர் செத்தாங்க. "நண்டு வளை தோண்டிடுச்சு"ன்னு ஊர் பேசிச்சு. நான் வாயே தொறக்கல. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுற போஸ்ட்மேனுக்கும் இன்னிக்குத்தான் தெரியும்.

அதே கரைமேல கட்டின உன் வூட்டுலேர்ந்து ஏரி தெரியணும்னு, பின்னால கீற நாணலைப் பிடுங்க திங்கக்கிழமை ஜேசிபி வெக்கிறியாமே? இன்னாடா அவசரம்? நாணல் இருக்கட்டும். நீ ஏற்கெனவே வெட்டின எடத்துல நட, மண்ணைப் புடிச்சு நிக்கிற வெட்டிவேர் நாத்து அனுப்பிக்கீறேன்.

அன்னிக்குக் குடிசையில தப்பிச்சவ ஒருத்தி, உன் வூட்டுக்கு நேர் கீழதான் இன்னும் கீறா. முனியம்மா.

உன் நைனா