பரிசு மேசை

1946 பிப்ரவரி 12, செவ்வாய்.

நாளை பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. போன வருடம் வரை கையில் கொடுத்துத் தட்டிக்கொடுத்த தலைமையாசிரியர், இந்த முறை பரிசுகளை மேசைமேல் வைத்துவிடலாம், பிள்ளைகளே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். இந்த வருடம் முதல் பரிசு சேரிப் பெண் அஞ்சலைக்கு. விரல் பட்டுவிடும் என்ற பயமோ?

“கையில குடுத்தா இன்னா சார்?” என்றேன்.

“நேரம் மிச்சமாவும்யா. ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?”

இருப்பதே மூன்று பரிசு. நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர் விழாவில் என்னை அரை மணி நேரம் பேசச் சொல்வாரா?

மேசை நான் பாடம் நடத்தும் வகுப்பிலிருந்துதான் போக வேண்டுமாம். ஏற்கெனவே அதற்கு ஒரு கால் ஆடுகிறது. காலையில் சீக்கிரம் போய் இன்னொன்றையும் ஆட்டிவைக்கலாம். ஆனால் அந்த மனிதர் பரிசுகளை வைக்க நாற்காலி கேட்பார். அதில் நான் உட்கார்ந்துகொள்வேன். எல்லோர் முன்னாலும் எழுந்திரு என்று சொன்னால் என்ன செய்வேன் என்பதுதான் தெரியவில்லை.