கல்மீனின் பதின்மூன்று முட்கள்

தென்னூர், திருச்சி
8-6-1958

அன்புள்ள நாயகிக்கு,

ஆராவமுதன் ஆசீர்வாதம். உனக்கு உடம்பு தேறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் தம்பி வகுளனின் காரியங்கள் முடிந்து ஒரே ஒரு நாள் தென்னூருக்கு வந்தாய். என் மேஜைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தாய். சாயங்கால பஸ்ஸிலேயே ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிவிட்டாய். நீ இன்னும் வரவில்லை, ஆடியே வரப்போகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கும் அவன் வெறும் மைத்துனன் அல்ல, கல்லூரியில் என் வகுப்புப் பிள்ளை.

வகுப்போடு போன பாம்பன் கடலில் அவன் மிதித்த கல்மீன்தான் அந்த ஜாடியில் இருந்தது; இப்போது அது வீட்டில் இல்லை. கல்லூரிக்குக் கொண்டுபோய்விட்டேன். அதைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறேன். தேள்மீன் குடும்பத்தில் இதைச் சேர்ப்பதா, தனிக் குடும்பமாக வைப்பதா என்று பெரியவர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. கண்ணுக்குக் கீழிருந்து கன்னத்தின் குறுக்கே செவுள்மூடி வரை ஓடும் எலும்பு இரண்டுக்கும் பொது. ஆனால் இதற்குச் செதில் கிடையாது, உடம்பெல்லாம் பரு.

படம் வேண்டும், நாயகி. கல்லூரி ஓவியர் வரைந்தது வெறும் கல்லாக இருக்கிறது. என் கட்டுரைகளுக்கெல்லாம் வரைந்த கை உன்னுடையது. கேட்கக்கூடாததைக் கேட்கிறேன்.

ஆராவமுதன்

*

ஸ்ரீரங்கம்
15-6-1958

அவருக்கு,

கேட்கக்கூடாதது என்று தெரிந்தே கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இங்கே அப்பா காலையில் கோயிலுக்குப் போனால் உச்சிக்குத்தான் வருகிறார். முன்போல யாரோடும் பேச்சு இல்லை. அம்மா பாதி நேரம் வாசல் ரேழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானத்தில் யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்கிறதாம். எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். "வகுளா, காலைக் காட்டுடா" என்கிறாள். வெயில்தான் உள்ளே வருகிறது.

எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காவேரிக்குக் குளிக்கப் போனால், அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒவ்வொரு கல்லையும் அதற்குக் கண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிதிக்கிறேன். பக்கத்தில் துணி துவைக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அவன் எப்படிப் போனான் என்று யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொண்டேன். உங்களையும் சொல்லவிடவில்லை. இன்றைக்கும் அதைக் கேட்கத் திராணி இல்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். அது அவனைத் துரத்தி வந்து குத்தியதா?

ரங்கநாயகி

*

தென்னூர்
18-6-1958

அன்புள்ள நாயகிக்கு,

இல்லை. அது யாரையும் துரத்தாது. நீந்தவே சோம்பல் படும். அகன்ற மார்புத் துடுப்புகளால் மண்ணைப் பறித்து, பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். பாசி அதன்மேல் முளைக்கும். வாய் மேல்நோக்கி இருக்கும். மேலே வருகிற சின்ன மீனை இழுத்து விழுங்கும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

முதுகில் பதின்மூன்று முட்கள். ஒவ்வொன்றையும் தடித்த தோல் உறைபோல் மூடியிருக்கும். முள்ளின் இரு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் நஞ்சுப்பை. நஞ்சைச் செலுத்த அதனிடம் ஒரு தசைகூடக் கிடையாது. மிதிக்கிற காலின் பாரம்தான் உறையைக் கீழே தள்ளி, பையைப் பிதுக்குகிறது. அது கிடந்த இடத்தில் கிடந்தது. அவனுக்கும் அதற்கும் ஒரு விரோதமும் இல்லை.

அதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று உன் அப்பா கேட்டார். எல்லாம் முடிந்த அன்று மாலை படகுக்காரர் இன்னாசிராஜ் அதே இடத்தில் அதை வலையில் வாரி எடுத்துத் துடுப்பால் அடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். எது அவனைக் கொன்றது என்று தெரியாமல் என்னால் வீடு திரும்ப முடியவில்லை. இப்போது ஒவ்வொரு நரம்பாகத் தெரிந்துகொண்டும் இந்த வீட்டில் தூங்க முடியவில்லை.

நீ சரி என்றால் ஜாடியை நானே கொண்டுவருகிறேன். வாசலோடு திரும்பிவிடுவேன்.

ஆராவமுதன்

*

ஸ்ரீரங்கம்
2-7-1958

அவருக்கு,

நான் சரி என்று சொல்லி அனுப்பியதும் நீங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன ஜாடியை அப்பா உள்ளே விடவில்லை. "பெருமாளைச் சேவிக்கிற ஆத்துக்குள்ள மீனா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அதைத் தூக்கிப் பசுக்கொட்டிலில் வைத்தார். பசு இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதல் நாள் என்னால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் வாயை வரைந்தேன். பிறகு பருக்கள். முதுகுக்கு வந்தபோது முட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடுவில் மூன்று முட்களில் மட்டும் உறை கீழே இறங்கிச் சுருங்கியிருக்கிறது. மற்றவை தைத்த பைபோல் மூடியே கிடக்கின்றன.

இந்த மூன்றும்தான் அவன் காலில் இறங்கியவையா?

இனி காதைப் பொத்த மாட்டேன். எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைத்து எழுதாதீர்கள்.

ரங்கநாயகி

*

தென்னூர்
5-7-1958

அன்புள்ள நாயகிக்கு,

ஆம், அந்த மூன்றுதான்.

தண்ணீர் வற்றியிருந்த நேரம், முழங்கால் ஆழம். பிள்ளைகள் எல்லோரும் பாறைப் பக்கம் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பின்னால் வந்தான். "அத்திம்பேர், என்னமோ குத்திடுத்து" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கரைப்பக்கம் திரும்புவதற்குள் அலறினான். இன்னாசிராஜ் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கால் நீலம் பாரித்து வீங்கிக்கொண்டே போயிற்று. "வெட்டிடுங்கோ அத்திம்பேர், காலை வெட்டிடுங்கோ" என்றான். ஒரு லாரி கிடைத்தது. டாக்டர் இருக்கும் ஊருக்கு விரைந்தோம்.

லாரியில் என் கையைப் பிடித்தான். அந்தப் பிடி எலும்பு வரைக்கும் வலித்தது. பாதி வழியில் அவன் அழுகை நின்றது. வலி தணிகிறது என்று நினைத்தேன். "அக்காகிட்ட சொல்லாதீங்கோ. பயந்துடுவா" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சு போனது எனக்குத் தெரியவில்லை. என் கையை அவன் விட்டபோதுதான் தெரிந்தது.

நீ கேட்டதால் எழுதினேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆராவமுதன்

*

ஸ்ரீரங்கம்
13-7-1958

அன்புள்ள உங்களுக்கு,

ரங்கநாயகி நமஸ்காரம். படம் முடிந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். விக்கிரகத்துக்குக் கடைசியில் கண் திறப்பதுபோல இதற்கும் கண்ணைக் கடைசியில்தான் வைத்தேன். அத்தனை பெரிய உடம்பில் அது ஒரு கடுகளவு. உறை இறங்கிய மூன்று முட்களையும் இறங்கியபடியே போட்டிருக்கிறேன். மாற்றி வரையச் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் என்னிடமே வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அம்மா ரேழிக் கதவைத் திறக்கப் போனாள். அந்தக் காலடி நேற்று எனக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, கடிதத்தை முழுக்கப் படித்தேன். அம்மா அழவில்லை. லாரியில் வருகிற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

"எந்தக் கைடீ? வலதா, இடதா?" என்றாள்.

"அவர் எழுதலையே அம்மா."

"மாப்பிள்ளைய வரச்சொல்லு. அந்தக் கையைக் கொஞ்ச நாழி நான் பிடிச்சுண்டு இருக்கணும்."

வெள்ளிக்கிழமை வாங்கோ. வாசலில் நிற்க வேண்டாம், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உங்களோடு தென்னூருக்கு வருவேனா என்று இப்போது எனக்கே தெரியாது, அதைக் கேட்காதீர்கள். அம்மா விட்ட பிறகு அந்தக் கையை நான் கேட்பேன். அப்போது ஒன்றும் பேசாமல் கொடுங்கள்.

உங்கள்
நாயகி