இலையோடு மடித்த ரிட்டைனர்

காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் தீபலட்சுமி, தூங்கும் கணவனுக்குச் சீட்டு எழுதினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சத்தியா ரிட்டைனரக் கழுவிப் பச்சத்தண்ணியில போட்டிருக்கேன். எச்சி இலையில கிடந்ததுன்னு வெந்நீர ஊத்திராதீக, கோணிப்போகும். சாப்பிட்டு அவளே மாட்டிக்கிருவா. பேச்சுக் கொழகொழன்னு வரும், சிரிக்காதீக."

பல் நேராக நிற்க மகளுக்கு டாக்டர் போட்டுவிட்ட, கழற்றி மாட்டும் கிளிப் அது. நேற்று கோட்டையூர்க் கல்யாணப் பந்தியில் கழற்றி வைத்த பிள்ளை, மறதியாக இலையோடு மடித்துவிட்டாள். கணவன் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினான்.

சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

"அவளப் பொறுப்பில்லாத பிள்ளன்னு இன்னொரு தடவ சொல்லிராதீக. நீங்க காருக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தப்ப, பட்டுப்பாவாடையச் சொருகிக்கிட்டு எச்சி இலைக் குவியல்ல தேடி எடுத்தது நம்ம மக."

'நம்ம' என்பதை அடித்து, 'என்' என்று மாற்றிவிட்டுக் கிளம்பினாள்.