தோளுக்கு வைத்த பஞ்சு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய், இங்கே நாங்களும் இருக்கிறோம். உன் தங்கை விஷயத்தில் நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். டாக்டர்கள் ஸ்கேனில் கண்டுபிடித்ததை நான் இஞ்சு டேப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன், பள்ளிச் சட்டைக்கு அளவெடுத்தபோதே இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துவிட்டேன், உன் அம்மா கண்ணுக்கே கோணல் தெரியவில்லை என்றால் வேலையைப் பார்த்துக்கொள். முதுகு வலி என்றவளிடம் புத்தகப்பைக் கனம் என்று தீர்ப்புச் சொன்னதும் நான்தான், என் அண்ணன் இல்லாத வீட்டில் வேறு யார் சொல்வது. பிறகு ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமலே படியேறி வந்தாள், கால் மரத்திருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெரிய டாக்டர் அவளைக் குனியச் சொல்லிப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், கழற்றிய சட்டையைத் தடவி இந்தப் பஞ்சை யாரு வச்சது என்று கேட்டார். நம்ம கைவேலைதான் சார் என்றேன். அவர் சட்டையை மடித்து மேசைமேல் வைத்தார், தொழில் தெரிந்தவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். முதுகெலும்புக்குள் ஒரு கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னைத் தேடி வந்துதான் கை குலுக்கினார் என்று கடைத்தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

உன் அம்மா அழவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, மிஷினில் உட்கார்ந்தால் கால் அதுபாட்டுக்கு மிதிக்கிறது. உன் தங்கை மட்டும், தோள் ரெண்டும் ஒண்ணாயிட்டா உங்க பஞ்சை என்ன பண்ணுவீங்க சித்தப்பா, தலையணை தைப்பீங்களா என்கிறாள். நேற்று வலது கால் கட்டைவிரலை ஆட்டினாள், டாக்டரே கைதட்டினார். அதனால் நீ பதறாதே, லீவு போடாதே, வேளைக்குச் சாப்பிடு, உன் முதுகையும் ஒருதரம் கண்ணாடியில் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும் நீ.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

உறையை ஒட்டப்போனேன், ஒட்டவில்லை. உன் தங்கையின் கால்விரல் ஆடவில்லை. தொட்டால் இன்னும் தெரியவில்லை என்கிறாள். நரம்பு ரொம்ப நாளா அழுந்திக் கிடந்திருக்கு, மெதுவாத்தான் திரும்பும், எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆடியது போர்வை. அதைப் பிடித்திருந்தது என் கை. லீவு போட்டு வா.